எர்த் அடிக்கிறது

பூமியைச் சந்திக்க லிஃப்டில் போக வேண்டியிருந்தது.

மூடிப்போன மெத்தைக் கடை ஒன்றின் இரண்டாம் மாடியில் அது குடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே லிஃப்ட் வாசலில் தொடங்கும் வரிசை, வாகன நிறுத்தத்தைச் சுற்றி வளைந்து, பக்கத்து மருந்துக் கடையின் கதவை மறித்துக்கொண்டு நிற்கும். மருந்துக் கடைக்காரர் முதல் வாரம் திட்டினார். இரண்டாம் வாரம் யோசித்தார். மூன்றாம் வாரம் பித்தவெடிப்புக் களிம்பை எடுத்து முன்னால் அடுக்கிவிட்டார். வெறுங்காலோடு ஈர மண்ணில் ஒன்றரை மணி நேரம் நிற்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அந்தத் தெருவில் பூமியால் பிழைத்தவர்களில் அவர் இரண்டாமவர்.

முதலாமவர் வேரடிகள்.

அந்த இடத்துக்கு வேரகம் என்று பெயர் வைத்திருந்தார். மண்ணை மூட்டை கட்டி மேலே ஏற்றி, கூடம் முழுக்க ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டி, தினமும் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு தூண். தூணின் மேல் கவிழ்த்து வைத்த செப்புக் கிண்ணம். அந்தக் கிண்ணம்தான் பூமியின் உள்ளங்கை. நீங்கள் கண்ணை மூட வேண்டும். மூச்சைக் கவனிக்க வேண்டும். ‘என்னை நான் மன்னிக்கிறேன்’ என்று மூன்று முறை சொல்லிவிட்டுக் கிண்ணத்தின் மேல் கையை வைக்க வேண்டும். பூமி உங்களைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டால் உள்ளங்கையில் ஒரு சிலிர்ப்பு ஓடும். ஓடினால் நீங்கள் ‘வேர்’. ஓடாவிட்டால் ‘விதை’. வேர்களுக்கு முன்வரிசை. விதைகளுக்குச் சுவரோரம்.

“புத்தர் ஞானம் அடைந்தபோது வானத்தையா கூப்பிட்டார்? குனிந்து பூமியைத் தொட்டார். பூமிதான் அவருக்குச் சாட்சி சொன்னது. உங்களுக்கும் சொல்லும்” என்பார் வேரடிகள். தூணுக்குப் பின்னால் ஒரு மரப்பலகையில், காலடியில் பாய் விரித்து, மரக்கட்டைச் செருப்போடு அமர்ந்திருப்பார். அடிகள் மட்டும் ஏன் மண்ணில் இறங்குவதில்லை என்று ஒருவர் ஒருநாள் கேட்டார். “நான் ஏற்கெனவே மண்தான்” என்று பதில் வந்தது. கூடமே உருகிப்போனது. இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் விதையாகிவிடுவோமே!

வரிசையில் வெளிர்நீலச் சட்டையும் சட்டைப்பையில் சிவப்புப் பேனாவுமாக நின்ற மனிதரைக் கமா என்று கூப்பிடுவார்கள். அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பது அவர் வேலை. அச்சேறுவதற்கு முன்னால் எழுத்துப் பிழை, சொற்பிழை எல்லாம் பிடித்து வட்டம் போட வேண்டும். ஒருமுறை, ஒரே ஒரு காற்புள்ளிக்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். அன்றிலிருந்து அச்சகத்தில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிஞ்சியது.

அவருடைய மனைவி இறந்து பத்து மாதம். அந்த அம்மாள் மின்சாதனம் பழுது பார்ப்பவர். கடைத்தெரு முனையில் சொந்தமாகச் சின்னக் கடை. இஸ்திரிப் பெட்டி, ஃபேன், ஹீட்டர், எது எரிந்து போனாலும் அவரிடம்தான் வரும். ஒரு மத்தியானம் ஒரு ஃபேனைப் பாதி பிரித்துவிட்டு, “கொஞ்சம் தண்ணி கொடு” என்று தங்கையிடம் கேட்டார். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார். அந்த ஃபேனைத் தங்கைதான் பூட்டி, ஓட்டிப் பார்த்து, உரியவரிடம் கொடுத்தாள். கடையையும் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கமா அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

வேரகத்துக்கு அவரை அழைத்துப் போனது அச்சகத்துக்கு வந்த ஒரு துண்டறிக்கை. ‘நீங்கள் யாருக்கும் சொந்தமில்லையா? பூமிக்குச் சொந்தமாகுங்கள்!’ அதில் மூன்று எழுத்துப் பிழைகள் இருந்தன. மூன்றையும் திருத்தினார். பிறகு ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பெரிய பிழை அவர் கண்ணில் படவில்லை.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். மூச்சைக் கவனித்தது அவருக்கு நல்லதுதான் செய்தது. பத்து மாதத்தில் முதல் முறையாக விடியும் வரை தூங்கினார். ‘நான் இன்னும் சீக்கிரம் போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ’ என்று தன்னைத் தானே அடித்துக்கொண்டிருந்தவர், அடியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். மூச்சுக்குக் காப்புரிமை கிடையாது. வேரடிகளுக்கு அதில் லாபமும் கிடையாது. அவருடைய வியாபாரம் கிண்ணத்தில் இருந்தது.

மூன்று வாரம் கமா கையை வைத்தார். மூன்று வாரமும் செம்பு ஜில்லென்று இருந்ததோடு சரி. அவருக்குப் பக்கத்தில் நிற்கும் பல் டாக்டரம்மாவுக்கு மூன்று மாதமாக இதே கதி. ஒற்றை மகன் கடல் தாண்டிப் போய், மாதம் ஒரு தடவை ‘பிஸி’ என்று ஒற்றை வார்த்தை அனுப்புகிறவன். அம்மாள் ஒவ்வொரு வாரமும் கையை எடுத்ததும் வேரடிகள் பரிதாபமாகத் தலையசைப்பார். “உங்கள் மேல் உங்களுக்கே இன்னும் கருணை வரவில்லை தாயே. பூமி என்ன செய்யும்?” டாக்டரம்மா சுவரோரம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தன்னிடம் அன்பாக இருக்கச் சொல்லிக் கொடுக்க ஓர் இடம். அதில் ஒரு பரீட்சை. அதில் தோற்றதற்கு ஓர் அழுகை.

நான்காம் வாரம் வேரடிகள் கமாவைத் தனியாக அழைத்து, “எது உங்களுக்குப் பாரம்?” என்று கேட்டார்.

“கடை சாமி. அவ உட்கார்ந்த ஸ்டூல் அங்கேயே இருக்கு. என்னால உள்ளே போக முடியல.”

“கடை எங்கே இருக்கிறது?”

“கடைத்தெரு முனையில.”

“தரைத்தளமா?”

“ஆமா சாமி.”

வேரடிகள் கண்ணை மூடி நெடுநேரம் மூச்சைக் கவனித்தார். மறுவாரமே பூமிக்குக் கமாவை அடையாளம் தெரிந்துவிட்டது.

கையை வைத்த நொடியில் உள்ளங்கை துடித்தது. வேரடிகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “மண்ணுக்குள் போனவர்கள் மண் வழியாகத்தானே கை நீட்டுவார்கள்? அது யார் கை என்று உங்களுக்குத் தெரியாதா?”

அன்றைக்குத்தான் பத்து மாதம் கழித்துக் கடைப் படியேறினார் கமா. மைத்துனி ஓர் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வாயில் இரண்டு திருகாணியோடு உட்கார்ந்திருந்தாள்.

“அடடே மாமா! வழி தெரிஞ்சுதா? உட்காருங்க. அதுல வேணாம், அந்த ஸ்டூல் ஆடும்.”

“வேரகத்துலேர்ந்து வரேன்.”

“பூமியைப் பார்க்க லிஃப்ட்ல ஏறிப் போற இடம்தானே அது?”

“கிண்டல் பண்ணாதே. இன்னைக்குக் கையை வச்சேன். உள்ளங்கையில எறும்புக் கூட்டம் ஓடுற மாதிரி… மெல்லிசா ஒரு நடுக்கம். மணிக்கட்டு வரைக்கும் ஏறிச்சு.”

மைத்துனி திருகாணிகளை உள்ளங்கையில் துப்பினாள். “எர்த் அடிச்சிருக்கு மாமா.”

கமாவின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா! உன் வாயாலயே வந்துடுச்சு!”

“ஐயோ, நான் சொல்ற எர்த் வேற…”

“எர்த்னா பூமி. முப்பத்தஞ்சு வருஷமா வார்த்தையை வச்சுப் பொழைக்கிறவனுக்கு நீ அர்த்தம் சொல்றியா?”

உலகத்தில் இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொல்லி முழுக்க முழுக்க ஒத்துப்போனதும், கொஞ்சம்கூட ஒத்துப்போகாததும் அந்த ஒரு நிமிடத்தில் நடந்தது.

பிறகு கமா வந்த விஷயத்தைச் சொன்னார். அடுத்த ஞாயிறு ‘ஏற்பு’ நாள். அன்றைக்குக் கடையை வேரகத்துக்கு எழுதிக் கொடுக்கப்போகிறார். லிஃப்ட் ஏற முடியாதவர்களுக்காகத் தரைத்தளத்தில் ஒரு கிளை. அதற்கு மனைவியின் பெயரையே வைப்பார்களாம். தினமும் போய் அவள் கையைத் தொட்டுக்கொள்ளலாமாம்.

மைத்துனி இஸ்திரிப் பெட்டியின் கம்பியைச் சுருட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி சுருட்டினாள்.

“அக்கா உங்க பேர்லதான் எழுதி வச்சிருக்கா. உங்க இஷ்டம். நான் வேற எங்கேயாவது ஒரு மேசை பார்த்துக்கறேன். ஆனா அங்கே இருக்கிறது அக்கான்னு சொல்லாதீங்க மாமா. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு.”

புதன்கிழமை காலையில் அவளுக்குப் போன் வந்தது. மறுமுனையில் கமா அழுதுகொண்டே சிரித்தார்.

“அவ வீட்டுக்கே வந்துட்டா!”

“யாரு?”

“உங்கக்காதான்! ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டேன். அதே சிலிர்ப்பு. அதே கை. நேத்தும் தொட்டா. நான் வெறுங்கால்ல நின்னாத்தான் வரா, செருப்புப் போட்டா வரமாட்டேங்கறா.”

“மாமா, ஃப்ரிட்ஜைத் தொடாதீங்க. அப்படியே தள்ளி நில்லுங்க. நான் வரேன்.”

கால் மணி நேரத்தில் வந்தாள். ஃப்ரிட்ஜை இழுத்துத் திருப்பினாள். சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே பச்சைக் கம்பி ஒன்று கழன்று தனியாகத் தொங்கியது. அதை முறுக்கி, திருகி, மூடினாள்.

“இப்போ தொடுங்க.”

கமா தொட்டார். வெறும் ஃப்ரிட்ஜ். திறந்தார், மூடினார், இரண்டு கையாலும் பிடித்தார். ஒன்றுமில்லை.

“அவளை அனுப்பிட்டியே!” என்று கத்தினார். “உனக்கென்ன பாவம் பண்ணினேன்? வந்தவளை ஏன் அனுப்பினே?”

மைத்துனிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றுபோனது. மூக்கை உறிஞ்சினாள். அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு பேசினாள்.

“மாமா, நீங்க பிழை பிடிக்கிற ஆளு. ஒரு பிழை சொல்றேன், கேட்டுக்கங்க. ‘எர்த் அடிக்குது’ன்னு ஊரே சொல்லுது. நானும் சொல்றேன், அக்காவும் சொன்னா. ஆனா அது தப்பான பேச்சு. எர்த்னா இந்தப் பச்சைக் கம்பி. இது நேரா மண்ணுக்குப் போகுது. கசியற கரண்ட்டை மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடும். இது ஒழுங்கா இருந்தா நம்மளை ஒண்ணும் பண்ணாது. இது அறுந்தாத்தான் அடிக்கும். எர்த் இருக்கறதால அடிக்கல மாமா. எர்த் இல்லாததாலதான் அடிக்குது.”

கமா குனிந்து பிளக்கைப் பார்த்தார்.

“பூமியோட தொடர்பு இருக்கற சாமான் சிலிர்க்க வைக்காது. அது அறுந்த சாமான்தான் சிலிர்க்க வைக்கும். உங்க அடிகள் அதைத் தலைகீழா அச்சடிச்சு விக்கிறாரு.”

“அப்போ… அங்கே இருக்கறது அவ இல்லைன்னு உனக்கு நிச்சயமா?”

“நான் ஏன் சொல்லணும்? நீங்களே பாருங்க.” தன் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அவர் கையில் வைத்தாள். பார்த்தால் மெல்லிய திருப்புளி. கண்ணாடிக் கைப்பிடிக்குள் அரிசி அளவுக்கு ஒரு விளக்கு. “இதோட தலையில விரலை வச்சுக்கிட்டு, நுனியால கிண்ணத்தைத் தொடுங்க. கரண்ட்டா இருந்தா எரியும். அக்காவா இருந்தா எரியாது. அவ்வளவுதான் சோதனை. எரியலைன்னா கடைச் சாவியை நானே கொண்டுபோய் அவர் காலடியில வைக்கிறேன்.”

ஞாயிறு வந்தது. அன்றைக்கு வரிசை மருந்துக் கடையையும் தாண்டிவிட்டது. ஓர் ஆள் ஒரு கடையையே கொடுக்கிறான் என்றால் பூமியிடம் விஷயம் இருக்கத்தானே வேண்டும்? போன வாரம் வரை சந்தேகப்பட்டவர்களும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பத்திரம் ஒரு தட்டில் தயாராக இருந்தது. வேரடிகள் பலகையில் தயாராக இருந்தார். “எல்லோரும் கண்களை மூடுங்கள். நம் சகோதரர் தன் வேரைத் தொடப்போகிறார்.”

இருநூறு ஜோடிக் கண்கள் மூடின. மைத்துனி மூடவில்லை. சுவரோரம் நின்ற பல் டாக்டரம்மாவும் அன்றைக்கு மூடவில்லை. மூன்று மாதம் மூடிப் பார்த்துச் சலித்திருந்தார்.

கமா முதலில் கையைத்தான் வைத்தார். சிலிர்ப்பு வந்தது. அதே எறும்பு ஓட்டம். சட்டைப்பையில் டெஸ்டர் இருந்தது. அதை எடுக்காமலே இருந்துவிடலாம். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தினமும் வந்து தொட்டுக்கொள்ளலாம். யாருக்கு என்ன நஷ்டம்? மைத்துனி ஒரு மேசை தேடிக்கொள்வாள். அப்படியே நின்றார். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்சம் என்று நின்றார். அவள் கை இப்படித்தான் இருந்ததா? யோசித்துப் பார்த்தார். அவள் கை சொரசொரப்பானது. சூடானது. ஒருநாளும் நடுங்காதது.

கையை எடுத்தார். டெஸ்டரை வைத்தார்.

சிவப்பாக எரிந்தது.

“பிழை இருக்கு” என்றார் கமா. அச்சகத்தில் சொல்வதுபோலவே, அமைதியாக.

கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வேரடிகள் பதறவில்லை. தொழில் தெரிந்தவர். “பார்த்தீர்களா! அவர் உள்ளத்தில் எரியும் சந்தேகம் வெளியே தெரிகிறது!” என்றார்.

“ஆகா!” என்றது கூட்டம்.

விளக்கு பட்டென்று அணைந்தது.

“இதோ, அவர் மனம் அடங்கிவிட்டது!”

“ஆகா!” என்றது அதே கூட்டம். எரிந்தாலும் ஆகா, அணைந்தாலும் ஆகா. இப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் குழவிக்கல்லும் குருவாகிவிடலாம்.

“ஐயா,” என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல். பல் டாக்டரம்மா. “அந்தக் கட்டைவிரலை மறுபடி அமுக்குங்க.”

“என்ன தாயே?”

“வலது கால் கட்டைவிரல். பாய்க்கு அடியில. நீங்க அமுக்கினா எரியுது, எடுத்தா அணையுது. இருபத்திரண்டு வருஷமா நானும் காலாலதான் மிஷினை ஓட்டறேன். பல்லுல துளை போடறப்போ கை ரெண்டும் வாய்க்குள்ள இருக்கும், கால்தான் சுவிட்ச். கணுக்கால் எப்படி அசையும்னு எனக்குத் தெரியாதா?”

மைத்துனி அதற்குள் பாயைத் தூக்கிவிட்டாள். கீழே ஒரு கால் சுவிட்ச். அதிலிருந்து மண்ணுக்குள் ஓடிய கம்பியைப் பிடித்து இழுத்தாள். வேர் பிடுங்குவதுபோல் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது. அது தூணுக்குள் போய், கரண்ட் கசியும் ஒரு மலிவு அடாப்டரில் முடிந்தது. அடாப்டரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கமா குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உரக்கப் படித்தார்:

“‘சுகம் மசாஜ் நாற்காலி. இடுப்பு வலிக்கு இதமான அதிற்வு.’ அதிர்வுக்கு இடையின ர் வரணும்.”

“அது பூமியின் நரம்பு” என்றார் வேரடிகள். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

“இருக்கட்டும்” என்றாள் மைத்துனி. “கட்டைச் செருப்பைக் கழட்டிட்டு மண்ணுல இறங்குங்க. நீங்க கிண்ணத்தைப் பிடிச்சுக்கங்க, நான் சுவிட்சைப் பிடிச்சுக்கறேன். பூமி உங்களை எவ்வளவு நேரம் கொஞ்சுதுன்னு பார்க்கலாம்.”

“எனக்கு… இருதயம் கொஞ்சம் பலவீனம்.”

“எங்க மாமாவுக்கு அறுபது வயசு. அவருக்கு மட்டும் என்ன இரும்பு இருதயமா?”

வேரடிகள் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மரக்கட்டைச் செருப்பு படிக்கட்டில் தடதடவென்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஏற்கெனவே மண்ணான மனிதர் இவ்வளவு வேகமாக ஓடியதை யாரும் பார்த்ததில்லை.

கதை இத்துடன் கைதட்டலில் முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்குக் கூட்டத்தைப் பற்றித் தெரியாது. முன்வரிசையிலிருந்து ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் எழுந்தார். கோபம் முழுக்கக் கமா மேல்தான்.

“கரண்ட்டாவே இருக்கட்டும் சார்! அதனால என்ன? வாரத்துக்கு ஒரு தடவை யாரோ என்னைத் தொட்டாங்க. வீட்டுல என்னைத் தொட ஆள் கிடையாது. அதைப் போய் ஏன் கெடுத்தீங்க?”

கமாவும் இதே கேள்வியோடுதானே வந்தார்?

பல் டாக்டரம்மா மண்ணை மிதித்துக்கொண்டு மேலாளரிடம் போனார். கையை நீட்டினார். “கை வேணும்னா கேளுங்க சார். கிண்ணம் எதுக்கு?”

மேலாளர் அந்தக் கையைப் பார்த்தார். பிடிக்கலாமா வேண்டாமா என்று வெட்கப்பட்டு, கடைசியில் பிடித்தார். பிடித்த கையை விடாமலே டாக்டரம்மா கமாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்போ மூணு மாசமா என்கிட்ட குறை ஒண்ணும் இல்லையா?”

“இல்லீங்க” என்றார் கமா. “உங்ககிட்ட கடை இல்லை. அவ்வளவுதான்.”

கமா கீழே வந்து வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். பத்து மாதமாக அவர் அழுததெல்லாம் அவள் எங்கேயோ இருக்கிறாள் என்று தேடிய அழுகை. இது அவள் இல்லை என்று தெரிந்த அழுகை. மைத்துனி ஒரு படி கீழே உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “கடைக்கு வரீங்களா மாமா? ரசீதெல்லாம் தப்புத் தப்பா எழுதி வச்சிருக்கேன்” என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடை பூட்டியிருப்பதில்லை. ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். ஃபேன் பெட்டிமேலும் ஹீட்டர் பெட்டிமேலும் உட்கார்ந்து பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்கிறார்கள். புத்தரிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ள அடாப்டர் தேவைப்படவில்லை. சிலிர்ப்பு யாருக்கும் வருவதில்லை, வந்தால் மைத்துனி உடனே எழுந்து பிளக்கைப் பார்க்கிறாள். பிறகு சத்தமாகப் பேசுகிறார்கள். மேலாளர் போன வாரம் தெருவோரம் மூன்று குழி வெட்டி மரக்கன்று வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. மருந்துக் கடைக்காரருக்கு அந்த வகையில் நஷ்டமில்லை.

வேரடிகள் வேறோர் ஊரில் இருப்பதாகக் கேள்வி. அங்கே ஆகாயம் நடத்துகிறாராம், தரைத்தளத்தில். வரிசை இதைவிட நீளமாம். நீங்கள் போனாலும் போவீர்கள். போங்கள், உங்களைத் தடுக்க நான் யார்? கண்ணை மூடச் சொல்வார். மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு மூடுங்கள்: “நாங்க மூடினதும் நீங்க என்ன பண்ணப் போறீங்க?”